வீடு திரும்பிய சவ வண்டி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று உலகமே காலைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற ஜாஸ் என்னும் மகத்தான சங்கீதம், நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், கிளேபோர்ன் தெரு டிராம் தண்டவாளத்தின் மேல், ஓர் ஆகஸ்ட் மாதப் பிற்பகலில், இரண்டு குதிரைகளின் முன்னிலையில் அவதரித்தது. அவதரித்த நேரத்தில் பக்கத்தில் நின்று டிரம் அடித்துக்கொண்டிருந்தவன் அடியேன். தொப்பி போட்டிருப்பவர்கள் கழற்றலாம்.

கழற்றியாயிற்றா? நல்லது. மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். இப்படிச் சொல்வது நான் அல்ல. புரொபசர் அனத்தோல் சொல்கிறார். கிங் லூசியஸும் இதே தெருவை, இதே குதிரைகளைத்தான் சொல்கிறார். பெற்றவர் யார் என்பதில்தான் தகராறு. புரொபசரைக் கேட்டால் புரொபசர். கிங்கைக் கேட்டால் கிங். ஆளுக்கொரு முடிவெட்டும் கடையில் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்காக இதையே ஓதிக்கொண்டிருக்கிறார்கள். வடக்கேயிருந்து கண்ணாடி போட்ட இளைஞர்கள் பென்சிலும் கையுமாக வருகிறார்கள். முதலில் அந்த இருவரிடமும் போய்க் குழம்புகிறார்கள். பிறகு என் கதவைத் தட்டுகிறார்கள். "ஐயா, நீங்கள் கூடவே இருந்தீர்களாமே, முதலில் வாசித்தது யார்?" நான் சுருட்டு சுருட்டிப் பிழைக்கிறவன். பேச ஆரம்பித்தால் கை நின்றுவிடுகிறது. ஆகவே ஒரே தடவையாக எழுதித் தொலைக்கிறேன்.

எங்கள் ஊரில் ஒருவன் எப்படி வாழ்ந்தான் என்று அடுத்த வீட்டுக்காரன்கூடக் கேட்க மாட்டான். எப்படிப் போனான் என்பதைத்தான் பத்து வருஷம் பேசுவார்கள். அதனால் தெருவுக்குத் தெரு சங்கம். மாதச் சந்தா ஒழுங்காகக் கட்டினால் காய்ச்சலுக்கு வைத்தியர், செத்தால் பெட்டி, சங்கக் கல்லறையில் ஒரு மாடம், முன்னால் நடக்க ஒரு பேண்டு. தோண்டினால் தண்ணீர் வருகிற மண் எங்களுடையது. ஆகவே பெட்டியைச் சுவரிலுள்ள மாடத்துக்குள் தள்ளி, கொத்தனாரை வைத்துச் செங்கல்லால் அடைத்துவிடுவதுதான் அடக்கம்.

என் ஞானத்தந்தை செவெரேன் சுவர் பூசுகிறவர். ஒரு மனிதனுக்கு ஒரு பேண்டு போதாது என்பது அவர் கொள்கை. கனால் தெருவுக்குக் கீழே, எங்கள் பக்கத்தில், பரிபூரண நட்புச் சங்கம். கனாலுக்கு மேலே, அந்தப் பக்கத்தில், கீழ்ப்படியும் இளைஞர் சங்கம். இரண்டிலும் சேர்ந்தார். முதலாவதில் நட்பு கிடையாது. இரண்டாவதில் எவனும் எவனுக்கும் கீழ்ப்படிந்ததில்லை, இளைஞனும் கிடையாது. ஆனால் இரண்டிலும் பேண்டு உண்டு.

கனாலுக்குக் கீழே இருக்கும் நாங்கள் பிரெஞ்சு பேசுகிற, கொஞ்சம் வெளுத்த ஜாதி. தாள் பார்த்து வாசிப்போம். எங்கள் தாத்தா ஓபரா கொட்டகையில் மூன்றாம் மாடியில் உட்கார்ந்தவர் என்பது குலப்பெருமை. மேலே இருப்பவர்கள் கரும்புத் தோட்டத்தையும் பருத்திக் காட்டையும் விட்டுப் பிழைக்க வந்தவர்கள். கோவிலில் ஒருவர் பாடக் கூட்டம் பதில் பாடுகிற பாட்டைக் காதால் பிடித்து அப்படியே ஊதுவார்கள். வெள்ளைக்காரர் அல்லாதவர்களை ஒதுக்கும் சட்டம் வந்து இரண்டு கூட்டத்தையும் டிராமில் 'கறுப்பர் இடம்' என்ற ஒரே பலகைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டது. உட்கார்ந்த பிறகும் நாங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

எங்கள் தலைவர் புரொபசர் அனத்தோல். எந்தக் கல்லூரியிலும் அவர் புரொபசர் இல்லை. அவர்கள் தலைவர் கிங் லூசியஸ். எந்த நாட்டுக்கும் ராஜா இல்லை. புரொபசருக்குக் கிளாரினெட், கிங்குக்குக் கார்னெட் என்னும் சின்ன எக்காளம். தாளைப் பார்க்காமல் ஒரு சுரம் வாசித்ததில்லை என்பது புரொபசரின் பெருமை. தாளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை என்பது கிங்கின் பெருமை. இரண்டையும் தராசில் வைத்தால் முள் அசையாது.

செவெரேன் மத்தியானம் நண்டு போட்ட கம்போக் குழம்பு ஒரு கிண்ணம் சாப்பிட்டார், கொஞ்சம் படுக்கிறேன் என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. ஆனால் ஏற்பாட்டை முன்னமே மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார்: "கிளெலி, ரெண்டு பேண்டு வரும். ஒண்ணு அழுதுகிட்டே என்னைக் கொண்டுபோகணும். இன்னொண்ணு சிரிச்சுக்கிட்டே திரும்பி வரணும்." எது அழுவது, எது சிரிப்பது என்று சொல்லவில்லை. அதுதான் வினை.

ஏனென்றால் போகும்போது வாசிப்பது சோக கீதம். டிரம்முக்கு அடியில் உள்ள நரம்புக் கம்பிகளுக்கிடையே கைக்குட்டையைச் செருகி, பொத்துப் பொத்தென்று அடிக்க வேண்டும். கல்லறைக்கு முந்தின முக்கில் பேண்டு இரண்டாகப் பிரிந்து வழி விடும். சவ வண்டி நடுவே புகுந்து தனியே போகும். உடலை அவிழ்த்து விடுவது என்று அதற்குப் பெயர். வண்டி கண் மறைந்து, பாதிரியார் உள்ளே ஜெபத்தை முடித்த பிறகு, கைக்குட்டையை உருவிவிட்டுத் துள்ளல் பாட்டோடு ஊர் திரும்பலாம். குடையைச் சுற்றிக்கொண்டு தெருவே பின்னால் ஆடி வரும். பேர் கிடைப்பது அப்போதுதான். அடுத்த வாரம் நடனக் கொட்டகைக்காரன் கூப்பிடுவதும் அதை வைத்துத்தான். சோக கீதம் நன்றாக வாசித்தான் என்று எவனுக்கும் எங்கள் ஊரில் பேர் வந்ததில்லை.

மறுநாள் காலை செத்த வீட்டுக் கொல்லையில், ஹாம் வைத்த ரொட்டியை ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு தலைவர்களும் மோதினார்கள்.

"அழற பாட்டுக்கு ஒரு சோகம், ஒரு உருக்கம் வேணும். அது உங்க ஆளுங்ககிட்டதான் இருக்கு, மிஸ்டர் லூசியஸ்," என்றார் புரொபசர். அவர் யாரையாவது புகழ்ந்தால் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"அடடே, அப்படிச் சொல்லிடாதீங்க, புரொபசர்," என்றார் கிங். "சாவுன்னா ஒரு ஒழுங்கு வேணும். நீங்கதான் ஒவ்வொரு சுரமா எழுதி வச்சு அழறவங்க. நாங்க காட்டான்க. திரும்பற பாட்டே எங்களுக்குப் போதும்."

"திரும்பற பாட்டா! அந்த முரட்டு ஊதலைக் கேட்டா செத்தவர் எழுந்து ஓடிடுவாரு."

"உங்களோடதைக் கேட்டா ஆடவந்தவன் செத்துடுவான். போங்க புரொபசர், காத்தடிச்சா உங்க பாட்டு பறந்துபோயிடும்."

கிளெலி அடுக்களை வாசலில் வந்து நின்றார். நடன விருந்துக்குப் போகும் சீமாட்டிகளுக்குக் கவுன் தைப்பவர். எந்நேரமும் வாயில் நாலு குண்டூசி இருக்கும். அன்று குண்டூசி இல்லை. அதனால் பேச்சு தாராளமாக வந்தது.

"மிஸ்யே அனத்தோல். மிஸ்டர் லூசியஸ். ரெண்டு பேரும் தின்னு முடிச்சாச்சா?"

"மாதாம், எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்..." என்று புரொபசர் ஆரம்பித்தார்.

"அனுதாபத்தை அப்புறம் வாங்கிக்கறேன். உள்ள பெட்டிக்குக் கீழ வச்ச ஐஸ்கட்டி உருகி வாசப்படிக்கு வந்தாச்சு. இந்த ஆகஸ்ட் வெயில்ல அந்த மனுஷன் இன்னொரு நாள் தாங்க மாட்டாரு. கல்லறைக் கதவை ஆறு மணிக்குச் சாத்திடுவான். கொத்தனார் அதுக்கு மேல ஒரு செங்கல் எடுத்து வைக்க மாட்டான், நான் கேட்டுட்டேன். எனக்கு வேணுங்கறது ஒண்ணே ஒண்ணு. ஆறு மணிக்குள்ள என் புருஷன் மாடத்துக்குள்ள இருக்கணும். புரியுதா?"

"அது சரி மிஸ் கிளெலி, ஆனா திரும்பற பாட்டு..."

"போறப்போ தெருவுக்குத் தெரு மாத்தி மாத்தி அழுங்க. திரும்பறப்போ எக்கேடும் கெட்டுப் போங்க. நான் கோச்சு வண்டிக்குள்ள கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். திரும்புகிற பாட்டு யாருக்கு என்று தீரவில்லை; அப்படியென்றால் யார் முந்துகிறானோ அவனுக்கு. எங்கள் ஊரில் இரண்டு பேண்டு எதிரெதிரே மாட்டிக்கொண்டால் இன்னொரு விதியும் உண்டு: முதலில் நிறுத்துகிறவன் தோற்றவன். தோற்றவன் பேரை மறுநாள் சந்தையில் மீன் விற்கிறவள்கூட வைத்துச் சிரிப்பாள்.

"நெனேன்," என்றேன். ஞானத்தாயை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். "இது சரியா வராது."

"ஓவீத், நீ டிரம் அடி. மத்ததை நான் பாத்துக்கறேன்."

பிற்பகலில் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் சங்கப் பட்டை குறுக்கே மாட்டிய கனவான்கள், ஒரு அடிக்கு ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். பிறகு நாங்கள் இரண்டு பேண்டும். பிறகு சவ வண்டி. அதற்குப் பின்னால் கிளெலியின் கோச்சு வண்டி. நடைபாதையில் குடையும் கைக்குட்டையுமாகத் தெரு ஜனம், சோகத்தைப் பொறுமையாகச் சகித்துக்கொண்டு வந்தது.

எங்கள் முறை வந்தபோது தாளில் இருந்தபடி அழுதோம். சுத்தமான அழுகை, கண்ணாடி போல இருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் யாருக்கும் வரவில்லை. அவர்கள் முறை வந்தபோது கிங் லூசியஸ் ஒரு சுரத்துக்கும் நேர்வழியில் போகவில்லை. கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு மேலே போனார். போய்ச் சேர வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே தயங்கி நின்றார். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டை கிடையாது. அழுகிறவன் தொண்டையில்தான் உண்டு. "சுருதி தெரியாத கழுதை," என்று முணுமுணுத்தார் புரொபசர். நடைபாதையில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கும் தொண்டையில் ஏதோ அடைத்தது. காலையில் தின்ற ஹாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கிங்கை நான் புகழ்வதாக எண்ண வேண்டாம். ஒவ்வொரு சுரத்தையும் வழுக்கிவிட்டுக் கண்ணைத் திறந்து, எத்தனை பேர் அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டார்.

சவ வண்டி ஓட்டியவன் டார்சி. கண்ணாடிப் பக்கங்கள் வைத்த கறுப்பு வண்டி. கவர்னர், டச்சஸ் என்று இரண்டு கறுப்புக் குதிரைகள், தலையில் இறகுக் கொண்டை. தினமும் சாவுக்குப் போகும் குதிரைகள். மெதுவான பாட்டு என்றால் கல்லறை, துள்ளல் பாட்டு என்றால் லாயம், ஓட்ஸ் என்று அவற்றுக்குத் தெரியும். "கடிவாளத்தை நான் சும்மா அழகுக்குத்தான் புடிச்சிருக்கேன். பாட்டைக் கேட்டே அதுங்க போய் வந்துடும்," என்று டார்சி எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொள்வான். பெருமை அடிக்காதவன் எங்கள் ஊரில் செவெரேன் ஒருவர்தான், அதுவும் முந்தின நாள் மத்தியானத்திலிருந்துதான்.

முக்கு வந்தது. வழி விட்டோம். அந்தப் பக்கம் கிங்கின் ஆட்கள், இந்தப் பக்கம் நாங்கள். சவ வண்டி நடுவில் நுழைந்தது. எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். நான் பெட்டியைப் பார்த்தேன். கிங் புரொபசரைப் பார்த்தார். புரொபசர் கிங்கைப் பார்த்தார்.

வண்டியின் பின்சக்கரம் எங்களைத் தாண்டியதுதான் தாமதம். பாதிரியாரும் இல்லை, ஜெபமும் இல்லை, கார்னெட் வானத்தைப் பிளந்தது.

"திருடன்!" என்று கத்திவிட்டுப் புரொபசர் கிளாரினெட்டை வாயில் வைத்தார். "ஓவீத், கைக்குட்டையை எடு!"

"புரொபசர், வண்டி இன்னும் முக்கைத் தாண்டல!"

"எடுடா!"

எடுத்தேன். இரண்டு பேண்டும் இரண்டு வேறு பாட்டை, இரண்டு வேறு வேகத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டின. தெரு ஜனத்துக்கு இது போதாதா? குடைகள் விரிந்தன. இவ்வளவு நேரம் சகித்த சோகத்துக்கெல்லாம் வட்டியும் முதலுமாக ஆட ஆரம்பித்தார்கள்.

கல்லறைப் பக்கம் போய்க்கொண்டிருந்த கவர்னரும் டச்சஸும் காதை நிமிர்த்தின. துள்ளல் பாட்டு. ஆக, வேலை முடிந்தது. வீதி அகலமாக இருந்த இடத்தில் அழகாக அரைவட்டம் போட்டுத் திரும்பின. டார்சி கடிவாளத்தை இழுத்தான், வைதான், கெஞ்சினான். அழகுக்குப் பிடித்த கடிவாளம் அழகுக்குத்தான் உதவும். சவ வண்டி எங்களை நோக்கி, கொண்டை குலுங்க, துள்ளு நடை போட்டு வந்தது. கண்ணாடிக்குள்ளே செவெரேனின் பெட்டி தாளத்துக்குத் தக்கபடி குதித்துக் குதித்து வந்தது.

ஜனம் இதைப் புதிய ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டியது.

கிளெலி கோச்சு வண்டியில் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கைதட்டலில் விழித்து, கணவர் எதிரே வருவதைப் பார்த்தார்.

"நிறுத்துங்க!" குதித்து இறங்கிவிட்டார். "நிறுத்துங்கடா பாவிகளா! இருபத்தெட்டு வருஷமா அந்த மனுஷன் ஒரு நாள்கூட நேரத்துக்கு வீடு வந்ததில்ல. இன்னிக்கா வரணும்!"

நேரே கிங்கிடம் போனார். "மிஸ்டர் லூசியஸ், அந்த பீப்பியை வாயிலேந்து எடுங்க!"

கிங் கார்னெட்டை ஒரு மூச்சு நேரம் எடுத்தார். "அவரை நிறுத்தச் சொல்லுங்க மிஸ் கிளெலி, நான் உடனே நிறுத்தறேன்." கார்னெட் மறுபடி வாய்க்குப் போனது.

அந்த ஒரு மூச்சு இடைவெளி போதும். அதற்குள் புரொபசர் கிளாரினெட்டிலிருந்து ஒரு கூடை சுரத்தைக் கொட்டிவிட்டார். கிளெலி அவரிடம் ஓடினார். "மிஸ்யே அனத்தோல், நீங்க படிச்சவரு..." "முதலில் அந்த ஆள் நிறுத்தட்டும் மாதாம்," என்பதற்குள் கிங் அந்தச் சந்தில் புகுந்து ஊதினார். கிளெலி இங்கும் அங்கும் ஓடினார். அவர் யாரிடம் பேசுகிறாரோ அவர் வாய் பதில் சொல்லும். மற்றவர் வாத்தியம் அந்த இடத்தை நிரப்பும். ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வது போல இருந்தது. இருவருக்கும் நடுவே இருந்த ஓட்டையில், எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியாத டிராம்போன்காரன், குழலை நீட்டி மாட்டைப் போல ஒரு இழுப்பு இழுத்து வைத்தான். கண்ணாடி போட்ட இளைஞர்கள் இதற்கு இப்போது பெரிய பெரிய பேர் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த அளவில் அது ஒரு பெண்பிள்ளை நியாயம் கேட்டு அலைந்த சத்தம்.

கடைசியில் கிளெலிக்கு ஒரு யோசனை தோன்றியது. புரொபசரின் கிளாரினெட்டில் செருகியிருந்த தாளைச் சடக்கென்று உருவினார். கிழித்தார். காற்றில் விட்டார்.

"இப்ப ஊதுங்க, பாக்கலாம்!"

புரொபசரின் முகம் வெளுத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எதிரே தாள் இல்லை. நிறுத்தியிருக்க வேண்டும். எவனும் நிறுத்துவான். ஆனால் எதிரே கிங், கார்னெட்டுக்குப் பின்னால் கண்ணால் சிரித்துக்கொண்டிருந்தார். புரொபசர் கண்ணை மூடிக்கொண்டு கையில் வந்ததை வாசித்தார். ஓபராவில் பாதி, சின்ன வயதில் கேட்ட, தெருவில் அரிசி அப்பம் விற்கிறவளின் கூவலில் பாதி, மீதி எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. மேலும் கீழும் ஓடி ஏதோ ஒன்று வந்தது. நன்றாகவே வந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"அட, கிழவனுக்கு ரத்தம் இருக்குடா!" என்று ஜனத்தில் ஒருவன் கத்தினான். அவ்வளவுதான். இனி அவரைக் கடவுளே வந்தாலும் நிறுத்த முடியாது.

கிளெலி மூச்சிரைக்க என் முன்னால் வந்து நின்றார்.

"ஓவீத். இந்தக் குதிரைங்களைத் திருப்ப என்னதான்டா வழி?"

"சோக கீதம் வாசிச்சா திரும்பிடும் நெனேன். மெதுவா அடிச்சா கல்லறைக்குன்னு அதுங்களுக்குத் தெரியும்."

"அப்ப அடிடா! எதுக்கு நிக்கறே மரம் மாதிரி?"

"புரொபசர் கொன்னுடுவாரு."

"நான் மட்டும் முத்தம் குடுப்பேனா?"

என் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை அவரே உருவி டிரம்முக்கு அடியில் செருகினார். நான் மெதுவாக, பொத்துப் பொத்தென்று அடிக்க ஆரம்பித்தேன். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர், கிங்கின் கூட்டத்தில் இரண்டு பேர், நல்ல மனசுக்காரர்கள், பழைய கீதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். புரொபசர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் என் இடது கை தானாக வேகத்துக்குத் தாவியது. கிளெலி தோளில் ஒன்று வைத்தார்; வலது கை மெதுவாகவே நின்றது. ஒரு கை கல்லறைக்கு, ஒரு கை லாயத்துக்கு. அடி விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. ஒரு முடி முன்னே விழுந்தது, அல்லது ஒரு முடி பின்னே. நொண்டுகிறவன் ஓடுவது போல ஒரு தாளம். இந்த நொண்டலில்தான் இந்த சங்கீதத்தின் உயிரே இருக்கிறது என்று அச்சில் எழுதியிருக்கிறார்கள். உயிர் இல்லை, ஐயா. பயம்.

அழுகிற பாட்டின் மேல் சிரிக்கிற பாட்டு, அதன் மேல் கிளாரினெட், அதைக் குத்திக்கொண்டு கார்னெட், அடியில் என் நொண்டல். இப்படி ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சவ வண்டி கிளேபோர்ன் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. கவர்னருக்கு ஒரு காதில் கல்லறை, ஒரு காதில் ஓட்ஸ். டச்சஸுக்கும் அதே. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு புத்திசாலித்தனமான ஒரு முடிவுக்கு வந்தன. டிராம் தண்டவாளத்தின் நட்டநடுவே நின்றுவிட்டன.

டிராம் வந்தது. ஓட்டுகிறவன் மணியை டணடணவென்று அடித்தான். ஜனம் மணியையும் சேர்த்துக்கொண்டு ஆடியது. பயணிகள் ஜன்னல் வழியாகத் தொப்பியை ஆட்டினார்கள். டார்சி வண்டியின் மேல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். குதிரைகளைத் தள்ளினார்கள், இழுத்தார்கள், வாலைத் திருகினார்கள். இரண்டும் கல்லாகிவிட்டன. பாட்டு நின்றால் போகும். ஆனால் பாட்டை யார் நிறுத்துவது?

விதவையின் கால் அந்த நேரத்தில் தாளம் போட்டது என்று கிங் முடிவெட்டும் கடையில் கண்ணீரோடு சொல்வாராம். பொய். கிளெலியின் கால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. முதல் செருப்பு கார்னெட்டின் வாயில் போய் மாட்டிக்கொண்டது. சத்தம் கொஞ்சம் மூடிக்கொண்டு, மூக்கால் பேசுவது போல வந்தது. ஜனத்துக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று. இரண்டாவது செருப்பை அவர் எறியவில்லை. கையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்து ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

தூரத்தில் கல்லறை மணி அடித்தது. ஆறு.

என் கை நின்றது. கிங்கும் நிறுத்தினார். புரொபசரும் நிறுத்தினார். தெரு முழுக்க ஒரு மௌனம். டிராம் மணிகூட ஓய்ந்தது. அந்த மௌனத்தில் கவர்னர் ஒரு தும்மல் போட்டுவிட்டு, லாயத்துப் பக்கமாக நாலடி நகர்ந்தது.

"நீங்கதான் முதல்ல நிறுத்தினீங்க," என்றார் புரொபசர்.

"யாரு, நானா? உங்க மூச்சு முதல்ல போச்சு. ஊரே பாத்துச்சு."

"நான் வாசித்த அந்தக் கடைசிப் பகுதி இருக்கிறதே, அது எந்தத் தாளிலும் கிடையாது, மிஸ்டர் லூசியஸ். அது புதுசு. அது என்னுடையது."

"உம்மோடதா? நான் விட்ட சந்துல புகுந்து எடுத்ததுதானே! வீட்டை நான் கட்டினேன், நீர் ஜன்னல்ல துணி காயப்போட்டீர்."

"ரெண்டு பேரும் இங்க வாங்க," என்றார் கிளெலி. சத்தமே இல்லாமல் சொன்னார். இருவரும் வந்தார்கள்.

"அந்த மனுஷனுக்கு எட்டு வயசுலேந்து வெயில்ல வேலை. சுண்ணாம்பு தின்ன கை. குடிக்கல, சூதாடல. அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு: அழுதுகிட்டே கொண்டுபோங்க, சிரிச்சுக்கிட்டே திரும்புங்க. அவரைக் கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்பச் சொன்னாரு. அவரையும் கூட்டிக்கிட்டுத் திரும்பச் சொல்லல."

"மாதாம், கலைன்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தார் புரொபசர்.

கிளெலி கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். புரொபசர் கலையை அங்கேயே விட்டார்.

"மிஸ் கிளெலி," என்றார் கிங், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, "நாளைக்குக் காலையில நாங்க ரெண்டு பேண்டும் சேர்ந்து வரோம். மொத்தமும் மறுபடியும். ஒரு பைசா வேண்டாம்."

"நீங்க வர வேணாம்."

"சும்மா ஒரு மெதுவான பாட்டாவது..."

"ராஜாவே," என்றார் கிளெலி, "நீங்க நாளைக்குக் கல்லறைத் தெருப் பக்கம் தும்மினாக்கூட, நான் உங்களை அதே மாடத்துக்குள்ள வச்சு, அதே கொத்தனாரை விட்டு அடைச்சிடுவேன்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டிரம்மைத் தோளிலிருந்து கழற்றித் தரையில் வைத்தேன். மீன் மண்டிக்காரர் ஒருவர், செவெரேன் அவர் கடைச் சுவரைப் பூசியவராம், தன் ஐஸ் கிடங்கைத் திறந்துவிடுகிறேன் என்றார். டார்சி வண்டியை அங்கே ஓட்டிப் போனான். கிளெலி கையிலிருந்த ஒரு செருப்பை மட்டும் காலில் மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். நானும் நடந்தேன். எங்கள் முதுகுக்குப் பின்னால், அந்தப் புது மாதிரிப் பாட்டு யாருடையது என்று இரண்டு பேண்டும் அடித்துக்கொள்கிற சத்தம் அடுத்த தெரு வரை கேட்டது.

மறுநாள் காலை செவெரேனை அடக்கம் செய்தார்கள். வாத்தியம் வைக்கவில்லை. குதிரைகள் நேராகப் போயின.